ஆறுதலா வாறன்

சாவதில்லை என்று ஹெக்டர் முடிவெடுத்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. துறைமுகப் பண்டகசாலையில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து, வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருந்த இரண்டாம் வருஷம் அது. கைத்தொலைபேசிக்குள் இருந்து வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் சொன்னான்: இன்னும் இருபது வருஷத்துக்குள் முதுமைக்கு மருந்து வந்துவிடும், அதுவரைக்கும் உடம்பைப் பழுதில்லாமல் வைத்திருக்கிறவன் அதற்குப் பிறகு சாகவே தேவையில்லை. அந்த வீடியோ லிங்கநகரில் எத்தனையோ வீடுகளுக்கு வந்தது. மற்றவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு, மத்தியானம் மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் படுத்தார்கள். ஹெக்டர் நம்பினார்.

அன்றைக்குத் தொடங்கியது கூத்து. காலை ஐந்தரைக்கு எழும்பிச் சுடுதண்ணீர். ஆறிலிருந்து எட்டு வரைக்கும் முற்றத்தில் வெயில் காய்தலும் மூச்சுப் பயிற்சியும். பிறகு பிரஷர் மெஷின். பிறகு கரட்டும் வல்லாரையும் அடித்துப் பிழிந்த பச்சைச் சாறு. பிழிந்த சக்கையை கேற்றுக்கு வெளியே கொட்டுவார். ஊர் சுற்றுகிற மான்கள் வந்து தின்னும். ஹெக்டரின் விரதத்தால் கண்ட பலன் அந்த மான்கள் கொழுத்ததுதான். சோறு இல்லை, பொரித்த மீன் இல்லை, உப்பு இல்லை. சாவீட்டுக்குப் போவதும் இல்லை. துக்கம் உடம்பின் ஆயுளைத் தின்னுமாம். பக்கத்து வீட்டுக்காரர் செத்தபோது மதிலுக்கு மேலால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பெரிய மனிதர் அவர்.

மனைவி மரியம்மா முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவள். அப்போதுதான் பிறந்ததைத் துடைத்துத் தாயிடம் கொடுத்த கையாலேயே, பக்கத்து வார்டில் போனவரின் கண்ணை மூடியவள். அப்படிப்பட்டவளுக்கு முன்னால் ஒரு மனுசன் வந்து நின்று, நான் சாகப் போவதில்லை என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? முதலில் சிரித்தாள். பிறகு எரிச்சல் வந்தது. நாலு வருஷத்தில் எரிச்சலும் போய், மிஞ்சியது இளக்காரம் ஒன்றுதான். அதை அவள் மறைத்ததும் இல்லை. அவர் சாறு குடிக்கிற நேரம் பார்த்துத்தான் குசினியில் சூடை மீன் பொரிப்பாள்.

அவர் சாகாமல் இருக்க ஆசைப்பட்டதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆசைப்படட்டும். யாருக்குத்தான் சாக விருப்பம்? ஆனால் இவ்வளவு கஷ்டப்பட்டு நீட்டிக்கிற சீவியத்தை வைத்து இந்த மனுசன் என்ன செய்கிறார் என்று பார்த்தால், ஒரு மண்ணும் இல்லை. குசினி ஓடு ஒழுகத் தொடங்கி இரண்டு மாரி போய்விட்டது. மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கொடுத்த வாக்குக்கு ஒன்பது வயது. கனடாவில் இருக்கிற மகன் றிக்சனின் பிள்ளை வீடியோவில் வந்து “தாத்தா” என்று கூப்பிட்டால், பயிற்சி நேரமாம், பிறகு எடுக்கச் சொல்லுவார்.

எதற்கும் அவரிடம் ஒரே பதில்தான். “ஆறுதலாப் பாப்பம்.”

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. அவசரப்படாமல் மெல்லச் செய்வதும் ஆறுதலாகத்தான். சாவீட்டில் போய்க் கையைப் பிடித்துச் சொல்லுவதும் ஆறுதல்தான். ஹெக்டர் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டார். முடிவே இல்லாத காலத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு என்ன அவசரம்?

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பிரசங்கம் வைத்தார்.

“உயிரின்ட மதிப்புத் தெரிஞ்சவன்தான் அதைக் கவனமா வைச்சிருப்பான். மற்றவை எல்லாம் நாளைக்குச் சாகிற ஆக்கள் மாதிரிக் கண்டபடி தின்னினம், திரியினம். முடிவில்லாமல் இருந்தால்தான் மரியா, ஒவ்வொரு நாளையும் வடிவா அனுபவிக்கலாம்.”

“மதிப்பை நான் வார்டில கண்டனான்,” என்றாள் மரியம்மா. “விடியுமட்டும் இருப்பனோ தெரியாது எண்டு கிடக்கிற மனுசன் பெண்சாதியின்ட கையை விடமாட்டான். நீங்கள் முடிவில்லாமல் இருக்கப் போறீங்கள். என்ட கையைப் பிடிச்சு எத்தினை வருஷம், சொல்லுங்கோ பாப்பம்?”

ஹெக்டர் யோசித்தார். “கையிலதான் கிருமி கூட,” என்றார்.

அவள் எழும்பிப் போய் இன்னும் இரண்டு மீனைப் பொரித்தாள்.

அந்த வீட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அலுமாரி கிடையாது. மரியம்மாவின் சேலைகள் கடதாசிப் பெட்டிகளுக்குள்ளும், ஹெக்டரின் சேட்டுகள் கொடியிலும் இருந்தன. இது சாகாமைப் பைத்தியத்துக்கு முந்தின கதை. இருபது வருஷத்துப் பழைய கதை. ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள், வருஷா வருஷம் ஹெக்டர் கேக் கொண்டு கிண்ணியாவுக்குப் போவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய முத்தலிப் அவருடைய உயிர்ச் சிநேகிதன். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒரே கன்டீன் மேசையில் முப்பத்தைந்து வருஷம் தேத்தண்ணி குடித்தவர்கள். அந்த வருஷம் மரியம்மாவுக்கு வார்டில் டியூட்டி. ஹெக்டர் தனியாகப் போனார். முத்தலிப்பின் மனைவி ஸல்ஹா, மகன் நிப்றாஸையும் கூட்டிக்கொண்டு தம்பி அன்ஸாரின் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் முத்தலிப்பும், ஆறு வயது மகள் ஜெஸ்மினும், ஹெக்டரும்தான். கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது கடல் வந்தது.

முதல் தண்ணீரில் அறைக்குள் நின்ற தேக்கு அலுமாரி சரிந்து ஹெக்டரின் மேல் விழுந்தது. முத்தலிப் மகளைத் தூக்கிக் குசினிச் சுவரின் மேலே இருத்தி, “அசையாம இரி மகள், வாப்பா இந்தா வாறன்” என்று சொல்லிவிட்டு, நண்பனைக் காப்பாற்ற ஓடிவந்தார். அந்தப் பாரமான அலுமாரியைத் தனியொருவராக நெம்பித் தூக்கி ஹெக்டரை இழுத்தெடுத்தார். எடுத்துவிட்டுத் திரும்பினால் சுவரில் மகள் இல்லை. அடுத்த நாள் களப்போரத்துக் கண்டல் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். ஹெக்டர் முறிந்த காலோடு வீட்டுக்கு வந்தார். வந்து முதல் வேலையாகச் சீதனமாய் வந்த அலுமாரியை விற்கச் சொன்னார். அதைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. கிண்ணியாவுக்கு நத்தார் கேக்கும் போகவில்லை. வேலைத்தலத்தில் சந்தித்தால் பேசுவார்கள், சிரிப்பார்கள். அந்த ஒன்றை மட்டும் இருவரும் தொடமாட்டார்கள்.

இந்த வருஷம் முத்தலிப்புக்கு ஈரலில் புற்று என்றார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வைத்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பின கிழமையே அவர் ஹெக்டருக்குப் போன் எடுத்தார். கிருமிக்குப் பயந்து ஹெக்டர் போனைக் காதில் வைப்பதில்லை. மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகவே மரியம்மாவுக்கும் எல்லாம் கேட்டது.

“என்ன மச்சான், நீ சாகமாட்டியாமே? உண்மையாடா?”

“ஆராய்ச்சி நடக்குது மச்சான். இன்னும் இருபது வருஷம் தாக்குப் பிடிச்சமெண்டால்...”

“தாக்குப் பிடிச்சு?”

“பிறகென்ன, எல்லாம் ஆறுதலாச் செய்யலாம்.”

முத்தலிப் சிரித்தார். சிரிப்பு இருமலாகி முடிய ஒரு நிமிஷம் பிடித்தது. “எனக்கு ரெண்டு மாசம் சொல்லிரிக்கானுகள். முந்தியெல்லாம் நாள் எப்பிடிப் போகுதெண்டு பாக்கிறல்ல. இப்ப விடிஞ்சாப் போதும், ஒரு பிளேன்டீ குடிக்கக்குள்ளயும் நாக்குல இனிப்புப் படுகுதெண்டு தெரியுது. ஆரார்ட்ட மாப்புக் கேக்கோணுமோ, கேட்டுட்டன். ஆராருக்குக் குடுக்கோணுமோ, குடுத்துட்டன். நீதான் மிச்சம். வா.”

மாப்பு என்றால் மன்னிப்பு. போகிற பயணம் பெரிது என்றால், மக்காவுக்குப் போனாலும் மண்ணுக்குப் போனாலும், கிண்ணியா ஆட்கள் அதைக் கேட்டும் கொடுத்தும் முடித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

“வராமல் என்ன மச்சான்,” என்றார் ஹெக்டர்.

“உன்னட்ட ஒரு கேள்வி இரிக்கி. போன்ல கேக்கேலா. மூஞ்சியப் பாத்துக் கேக்கோணும். ஜெஸ்மின்ட விசயம்.”

ஹெக்டர் மேசையைப் பார்த்தார். “ஆறுதலா வாறன் மச்சான்,” என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு பிரஷர் மெஷினை எடுத்துக் கையில் சுற்றினார். அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, மூன்று நாளைக்குப் போனையே தொடமாட்டேன் என்றார்.

“என்ன கேள்வியாம்?” என்று மரியம்மா கேட்டாள்.

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“தெரியாட்டிப் போய்க் கேளுங்கோவன்! சாகக் கிடக்கிற மனுசன் கூப்பிடுறார். அந்த மனுசன் இல்லாட்டி உங்களுக்கு அறுபது வயதும் இல்லை, நீங்கள் கணக்குப் போடுற நூற்றைம்பதும் இல்லை.”

“போகாமல் விடப் போறன் எண்டு சொன்னனானே? இப்ப காய்ச்சல் காலம். ஆறுதலாப் போவம்.”

மரியம்மா தனியாக பஸ் ஏறிப் போய் இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்தாள். முத்தலிப் வற்றிப்போய், வாசலைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார். “அவன் வரல்லயா?” என்று இரண்டு தரமும் கேட்டார். முதல் தரம், அவருக்குத் தடிமனும் இருமலும் என்றாள். இரண்டாம் தரம், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, அவருக்குப் பயம் என்று உண்மையைச் சொன்னாள். “தெரியும் தங்கச்சி, அவன ஏசாதீங்க,” என்றார் அவர். அவள் வீட்டுக்கு வந்து ஏசினாள். நன்றாகவே ஏசினாள். ஹெக்டர் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினார். இப்படியே ஏழு கிழமை போனது.

அந்தச் சனிக்கிழமை காலை மரியம்மா ஆறு மணிப் பூசைக்குப் போனாள். கோயிலுக்கு அவள் போன் கொண்டுபோவதில்லை. பூசை முடிய, திருநாள் வேலைகளுக்கு மற்றப் பெண்களோடு நின்று, பீடத்துச் சீலைகளை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை. ஹெக்டர் முற்றத்துக் கதிரையில் இருந்து பச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

“முத்தலிப் போயிட்டான்,” என்றார்.

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “எப்ப?”

“விடியமுன்னம். அன்ஸார் எடுத்துச் சொன்னவன்.”

“எத்தினை மணிக்கு எடுத்தவன்?”

“ஆறு இருக்கும். நீ வெளிக்கிட்ட கையோட.”

அவள் கையில் இருந்த செபப் புத்தகம் கீழே விழுந்தது. கோயில் ஐந்து நிமிஷ நடை. இந்த மனுசன் ஐந்து நிமிஷம் நடந்து வந்து வாசலில் நின்று கையைக் காட்டியிருந்தால் போதும். வரவில்லை. வெயில் காய்ந்திருக்கிறார். மூச்சு எண்ணியிருக்கிறார். சாறு பிழிந்திருக்கிறார்.

“மூண்டரை மணித்தியாலமா என்ன செய்து கொண்டிருந்தனீங்கள்?”

“ஏன் கத்துறாய்? இண்டைக்கே எடுக்கப் போகினமே? நிப்றாஸ் கத்தாரில. அவன் பிளேன் ஏறி வரோணும். நாளைக்குப் பின்னேரம் ஆகும். ஆறுதலாப் போவம்.”

மரியம்மாவின் தமையன் செத்தபோது, அவருடைய மகன் கனடாவில் இருந்து வந்து சேரும்வரை உடலை மருந்தேற்றி ஐந்து நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம். வெளிநாட்டுப் பிள்ளை வந்து பெட்டியில் விழுந்து அழுதால்தான் சாவீடு சாவீடாகும். ஹெக்டர் அந்தக் கணக்கைக் கிண்ணியாவுக்கும் போட்டுவிட்டார். முப்பத்தைந்து வருஷம் முஸ்லிம் ஆட்களோடு ஒன்றாக வேலை செய்தவர். வேலைத்தலத்தில், செத்த அன்றைக்கே அடக்குகிற எத்தனை ஜனாஸாவுக்கு லீவு போட்டு ஓடியிருக்கிறார்கள் என்று பார்த்தவர். மறக்கவில்லை. போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று மனம் தேடிக்கொண்டிருந்தபோது, நிப்றாஸ் கத்தாரில் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“அவையள் ஆருக்கும் வைச்சிருக்க மாட்டினம்!” என்று மரியம்மா கத்தினாள். “பெத்த பிள்ளைக்கே காத்திருக்காத ஆக்கள் உங்களுக்கோ காத்திருக்கப் போகினம்? எழும்புங்கோ!”

எழும்பினார். ஆனாலும் முகக்கவசம் தேடினார். கையுறை தேடினார். தண்ணீர்ப் போத்தல், குடை, கை கழுவுகிற திரவம். அவள் றோட்டுக்கு ஓடிப்போய், சந்தியில் ஆட்டோ ஓடுகிற சஜீத்தைக் கையோடு கூட்டி வந்தாள். சஜீத் நாற்பது வயதுக் குடும்பக்காரன், றோட்டுத் தெரிந்தவன். அவன் ஆட்டோவைக் கொஞ்சம் முடுக்கியதுமே பின்னால் இருந்து ஹெக்டரின் குரல் வந்தது.

“ஆறுதலாப் போம் தம்பி. உயிரோட போய்ச் சேரோணும்.”

“பறந்து போ!” என்றாள் மரியம்மா.

சஜீத் யாருக்கு வாடகை ஓடுவது என்று தெரியாமல் கண்ணாடியில் இருவரையும் பார்த்தான். சீனன்குடாவில் ரயில் கடவை மூடிக் கிடந்தது. எண்ணெய் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்வரை நின்றார்கள். ஹெக்டர் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்தார். மரியம்மா அந்த மூடிய கண்களைப் பார்த்தாள். இந்த உடம்பைத் துடைத்து, மருந்து கொடுத்து, முறிந்த கால் பொருந்தும்வரை தூக்கித் தூக்கி நடக்கப் பழக்கியது நான்தானே என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அவர்மேல் வந்தது அருவருப்பு. வேறு பெயர் சொல்ல ஏலாது.

வெள்ளைமணல் தாண்டி, கிண்ணியாப் பாலத்தில் ஏறி இறங்கி, முத்தலிப்பின் ஒழுங்கைக்குள் திரும்பும்போது பதினொரு மணி. எதிரே தொப்பி போட்ட ஆண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சிலருடைய கைகளில் ஈரமண் ஒட்டியிருந்தது. அன்ஸார் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குக் கிட்ட வந்தான்.

“பத்தரைக்கு அடக்கிட்டம் அண்ணன். நிப்றாஸுக்கும் போன்லதான் முகத்தக் காட்டின. உங்களுக்கெண்டு கால்மணித்தியாலம் புடிச்சு வெச்சம். அதுக்கு மேல ஏலாமப் போயிட்டு.”

பெற்ற மகனுக்குக் காத்திருக்காதவர்கள் ஹெக்டருக்குக் கால் மணித்தியாலம் காத்திருந்திருக்கிறார்கள். மரியம்மாவுக்கு ஆட்டோவை விட்டு இறங்கவே வெட்கமாக இருந்தது.

முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள். மரியம்மா உள்ளே போனாள். ஸல்ஹா அறைக்குள் வெள்ளைச் சேலையில் பாயில் இருந்தாள். இனி நாலு மாதமும் பத்து நாளும் அவள் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முகத்தில் முழிக்கமாட்டாள். அறை வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கியது. மரியம்மா அவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பெண்களும் அழுதார்கள்.

“மூணு நாளா ஆட்டோச் சத்தம் கேட்டா வாசலப் பாப்பாரு,” என்றாள் ஸல்ஹா. “நேத்து அசர் தொழுகைக்குப் பிறகு பாக்கிறதையும் விட்டுட்டாரு.”

திரைக்கு வெளியே செருமல் கேட்டது. ஹெக்டர்.

“ஸல்ஹா தங்கச்சி, ஆறுதல் சொல்ல வந்தனான்.”

“சொல்லுங்க அண்ணன்,” என்றாள் ஸல்ஹா.

திரைக்குக் கீழே ஹெக்டரின் கால்கள் தெரிந்தன. ஒரு கால் மற்றக் காலைவிடக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. கையுறையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு முகக்கவசம் காலடியில் விழுந்தது.

“அவன் என்னட்ட ஒரு கேள்வி இருக்குதெண்டவன். என்னெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் வரேல்ல.” குரல் அவருடையது போலவே இல்லை. “நான் அவளைக் கண்டனான் தங்கச்சி. அவன் அலுமாரியைத் தூக்கிக் கொண்டிருந்தவன், குசினிக்கு முதுகு. நான் குசினியைப் பாத்தபடி கிடந்தனான். ரெண்டாம் தண்ணி வந்து அவள்ட காலை இழுத்தது. சுவரை ஒரு கையால பிடிச்சுக் கொண்டு தொங்கினவள். வாப்பா எண்டு வாய் திறந்தது தெரிஞ்சது. தண்ணிச் சத்தத்தில அவனுக்குக் கேக்கேல்ல. நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் அலுமாரியை விட்டிட்டு ஓடியிருப்பான். நான் சொல்லேல்ல. அவன் என்னை வெளிய இழுக்குமட்டும் வாயை மூடிக் கொண்டு கிடந்தனான்.”

மரியம்மாவின் கை ஸல்ஹாவின் தோளில் அப்படியே நின்றது. அதற்குப் பிறகும் இருபது வருஷம் ஒரே பாயில் படுத்தவர். இந்த உயிர் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே அதற்குப் பச்சைச் சாறு வார்த்தவர். அவளுக்கு எழும்பிப் போய் அவருடைய கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் நேர்மையான பெண். அன்றைக்கு அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் ஒரு கேள்வி வந்தது. பிள்ளையைப் பாருங்கோ என்றிருப்பேனா, இவரை முதலில் எடுங்கோ என்றிருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல அவளால் முடியவில்லை. கழுத்துவரை தண்ணீரில் கிடந்தவன் உயிரைப் பிடித்துக்கொண்டதற்கு அவனை ஏச ஆருக்கும் உரிமை இல்லை. பிடித்துக்கொண்ட உயிரை வைத்து இருபது வருஷம் என்ன செய்தாய் என்று கேட்கிற உரிமை மட்டும் இருக்கிறது.

ஸல்ஹா திரையைப் பார்த்துச் சொன்னாள்.

“அவருக்கு இது தெரியும் அண்ணன்.”

வெளியே கால்கள் அசையவில்லை.

“அலுமாரியத் தூக்கக்குள்ள உங்கட முகத்தத்தான் பாத்துக் கொண்டிருந்தாராம். உங்கட கண்ணு அங்கால போனதும், நீங்க வாயத் தொறந்து மூடினதும் கண்டாராம். அந்த நேரம் விளங்கல்ல. புள்ளைய அடக்கிட்டு வந்து படுத்த பிறகுதான் விளங்கினதாம். எனக்குச் சொன்னது போன மாசம்தான். இருவது வருசமா நீங்களா வந்து சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டே இருந்திரிக்காரு. ‘அவன் ஒரு தரம் சொல்லட்டும், நான் மாப்புக் குடுத்திட்டுப் போறன், கேக்காத ஆளுக்கு எப்பிடிக் குடுக்கிற’ எண்டு சொல்லுவாரு. அதுக்குத்தான் கூப்பிட்ட.”

“நீ... நீங்கள் தாங்கோ,” என்றார் ஹெக்டர். திரைச்சீலையின் ஓரத்தை அவருடைய விரல்கள் பிடித்துக்கொண்டன. “அவனுக்குப் பதிலா நீங்கள் தாங்கோ தங்கச்சி.”

“அவர்ட மாப்பு என்னட்ட இல்ல. அத அவர் கொண்டு போயிட்டாரு.” ஸல்ஹா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “என்ட மாப்பு வேற. நான் பெத்தவ. எனக்கு இப்பதான் உங்கட வாயால கேட்டிரிக்கி. இத்தா முடியட்டும். அதுக்குப் பிறகு வந்து கேளுங்க. அப்ப எனக்குக் குடுக்கலாம்போல இருந்தாக் குடுக்கிறன்.”

அன்ஸார் வந்து ஹெக்டரின் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனான். முகக்கவசம் வாசலிலேயே கிடந்தது. மரியம்மா அதைக் குனிந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். அந்த வீட்டில் அவர் விட்டுவிட்டு வந்தது என்று ஒன்றும் இருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

திரும்பும்போது சஜீத் தன் பாட்டுக்கு ஓடினான். யாரும் மெல்லப் போகச் சொல்லவும் இல்லை, கெதியாகப் போகச் சொல்லவும் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அடுத்த சாறு குடிக்கிற நேரம் போய்விட்டது. ஹெக்டர் அதைக் கேட்கவில்லை. கையுறையில்லாத இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, விரல்களைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பாலத்தில் ஏறியபோதுதான் மரியம்மாவுக்கு விளங்கியது. அவர் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு பத்து நாள். எண்ணி முடித்து, கணக்குப் பிழைத்துவிடுமோ என்று பயந்தவர்போல முதலில் இருந்து எண்ணினார்.

“மரியா.”

“என்ன?”

“நாலு மாசமும் பத்து நாளும்.” அவர் அவளைப் பார்த்தார். நூற்றைம்பது வயதுவரை திட்டம் போட்டு வைத்திருந்த மனுசனின் கண்களில் இப்போது இருந்த பயத்தை அவள் வார்டில் ஆயிரம் தரம் கண்டிருக்கிறாள். “அதுமட்டும் நான் இருப்பனோ?”

அவருடைய கை அவளுடைய கையைத் தேடி வந்து பிடித்தது. கழுவாத கை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு. அவள் அதை உதறவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

ஒன்றுமாகாது, நான் இருக்கிறேன், பயப்படாதேங்கோ. முப்பத்தொரு வருஷம் முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் அவள் சொன்ன வார்த்தை அது. இப்போதும் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. மரியம்மா வெளியே களப்பைப் பார்த்தாள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லலாம் என்று அதை விழுங்கிக்கொண்டாள்.